தானே ஓடும் வண்டி

சீவக சிந்தாமணியில் ஒரு மயிற்பொறி வருகின்றது. சச்சந்தன் என்னும் அரசன், கருவுற்றிருந்த தன் தேவி விசயையின் பொருட்டு அதனைச் செய்விக்கின்றான். அதனை வலப்புறம் திருகினால் மயில் மேலெழுந்து பறக்கும். இடப்புறம் திருகினால் காலூன்றித் தரையில் இறங்கும். அமைச்சன் கட்டியங்காரன் அரசனுக்கு எதிராகப் படை திரட்டி வளைத்துக்கொண்ட நாளில், விசயை அம்மயிலில் ஏறித் தப்பிச் செல்கின்றாள். பகைவனின் வெற்றி முரசம் காதில் விழுந்ததும் அவள் மயங்க, மயில் நகரின் புறத்தேயிருந்த சுடுகாட்டில் இறங்குகின்றது. அங்கேதான் சீவகன் பிறக்கின்றான். அத்தகைய மயில் மெய்யாகவே பறந்ததோ என்று ஆராய்வது இப்பாடத்தின் நோக்கமன்று. ஆளும் மாடும் இழுக்காமல், தன்னுள் அடக்கி வைத்த ஆற்றலால் தானே இயங்கும் ஒரு பொருளை, அதனைத் திருகி இயக்கும் முறையோடு, திருத்தக்க தேவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே மனக்கண்ணால் கண்டார் என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

பொறி என்னும் சொல்லையும் சிறிது நோக்குவோம். அது எந்திரத்தைக் குறிக்கும்; எலியைப் பிடிக்கும் கருவியைக் குறிக்கும்; தீயினின்று தெறிக்கும் சிறு துகளையும் குறிக்கும். விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியை ஒட்டி அமைந்த விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் பொறி என்றவுடன் பலர்க்கும் முதலில் நினைவுக்கு வருவது தீப்பொறியே ஆகும். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் அவ்வட்டாரத்து மக்களுக்குச் சோறிடுகின்றன. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பி, 1923ஆம் ஆண்டில் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். மழை குறைந்து, வேளாண்மை பொய்த்த கரிசல் நிலத்தில் அத்தொழில் வேரூன்றியது. பட்டாசுத் தொழில் அதனைத் தொடர்ந்து வளர்ந்தது.

இத்தகைய ஊரிலுள்ள ஒரு பள்ளியில், “கையால் தள்ளாமல், கயிற்றால் இழுக்காமல் தானே ஓடும் ஒரு சிறு வண்டியைச் செய்துகொண்டு வாருங்கள்” என்று இயற்பியல் ஆசிரியர் மாணவர்களிடம் கூறுவாராயின், அவர்களுக்கு முதலில் என்ன தோன்றும்? வேறு ஊர்ப் பிள்ளைகளாயின் கடைக்குச் சென்று மின்கலமும் சிறு மோட்டாரும் வாங்குவர். இவ்வூர்ப் பிள்ளைகளுள் சிலர்க்கு வாண ராக்கெட்டே நினைவுக்கு வரும். “ஓர் அட்டைப் பெட்டிக்கு நான்கு சக்கரம் வைத்து, அதன் முதுகில் ராக்கெட்டைக் கட்டித் திரியைக் கொளுத்தினால் வண்டி பறக்காதோ?” என்று அவர்கள் கேட்பர். கேள்வியில் அறிவு இருக்கின்றது. தரைச்சக்கரம் சுழல்வதும் ராக்கெட் எழுவதும் ஒரே விதியினால்தான். வாயு ஒரு பக்கம் பாய்ந்து வெளியேறும்போது, பொருள் அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளப்படுகின்றது. நியூட்டன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் கூறிய மூன்றாம் விதி அதுவே. ஆகவே அப்பிள்ளைகளை வெறுமனே அதட்டி அமர்த்துவது எனக்கு உடன்பாடன்று. கருமருந்து ஏன் வண்டிக்கு ஆகாது என்பதை அவர்களுக்குக் கணக்கிட்டுக் காட்டுதல் வேண்டும்.

ஆற்றலை ஜூல் என்னும் அலகால் அளப்பர். ஒரு கிராம் கருமருந்து எரியும்போது ஏறத்தாழ 3,000 ஜூல் ஆற்றல் வெளிப்படுகின்றது. ஒரு கிராம் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 45,000 ஜூல் வெளிப்படும். இதனைக் கேட்டு நீங்கள் வியப்பீர்கள். வெடிக்கும் மருந்தைக் காட்டிலும், வெடிக்காமல் ஊர்தியை ஓட்டும் பெட்ரோலில் பதினைந்து மடங்கு ஆற்றல் இருக்கின்றதே! அங்ஙனமாயின் அச்சம் தருவது எது? ஆற்றலின் அளவைவிட, அது வெளிப்படும் விரைவே அச்சம் தருவது. பெட்ரோல் எரிவதற்குக் காற்றிலுள்ள உயிர்வளி வேண்டும். காற்றையும் எண்ணெயையும் சிறிது சிறிதாக உள்ளே விட்டால், ஆற்றலும் சிறிது சிறிதாகவே வெளிவரும், வேண்டாதபோது அடைத்துவிடலாம். கருமருந்தோ தனக்கு வேண்டிய உயிர்வளியை வெடியுப்பின் வடிவில் தன் மடியிலேயே கட்டி வைத்திருக்கின்றது. கரியும் கந்தகமும் எரிவதற்கு அவ்வுப்பே உயிர்வளியைத் தந்துவிடும். எனவே ஒருமுறை பற்றிக்கொண்டால் காற்றை அடைத்து அதனை நிறுத்த இயலாது. இறுக அடைக்க அடைக்க அதன் வேகம் மிகுமேயன்றிக் குறையாது. பட்டாசின் உறை இறுக்கமாகச் சுற்றப்படுவதன் காரணம் இதுவே.

இதனை மேனாட்டாரும் பட்டறிந்தே கற்றனர். ஒல்லாந்து நாட்டு அறிஞர் கிறித்தியான் ஐகன்சு என்பார் 1670-களில் பாரிஸ் நகரிலிருந்தபோது, வெடிமருந்தால் இயங்கும் ஓர் எந்திரத்தை ஆக்க முயன்றார். ஓர் உருளையினுள் சிறிது மருந்தை எரித்துக் காற்றை வெளியேற்றுவதும், பின்னர் உள்ளே வெற்றிடம் உண்டாகும்போது வெளிக்காற்றின் அழுத்தத்தால் உலக்கை போன்ற தண்டு கீழிறங்கிச் சுமையைத் தூக்குவதும் அவர் கருத்து. ஒவ்வொரு முறையும் உருளையில் ஓரளவு வாயு எஞ்சி நின்று, முயற்சியைக் கெடுத்தது. அவரிடம் துணைவராக இருந்த தெனி பாப்பின் என்பவர் வெடிமருந்தை விட்டு நீராவியை நாடினார்; 1690இல் தம் நீராவி உருளையைப் பற்றி எழுதி வெளியிட்டார். நீராவி எந்திரத்தின் வரலாற்றில் அஃது ஒரு முதற்படி.

மருந்தின் மீது ஆசை விடாதவரும் இருந்தனர். செர்மனியில் பிரிட்சு வான் ஓப்பல் என்பவர், 1928 மே 23ஆம் நாள், 24 வெடிமருந்து ராக்கெட்டுகளைப் பின்புறம் பொருத்திய ஒரு காரைப் பெர்லின் நகரத்துப் பந்தயச் சாலையில் தாமே ஓட்டினார். அது மணிக்கு 230 கிலோமீட்டரையும் கடந்து விரைந்தது. காண வந்தோர் ஆரவாரித்தனர். அடுத்த மாதம் தண்டவாளத்தின் மீது ஆளில்லாமல் விடப்பட்ட மற்றொரு ராக்கெட் வண்டி சிதைந்தொழிந்தது. அம்முயற்சியில் அவரோடு இருந்த மாக்சு வாலியர், 1930ஆம் ஆண்டில் ராக்கெட் எந்திரம் ஒன்றைச் சோதித்துக் கொண்டிருக்கையில், அது வெடித்தமையால் உயிர் நீத்தார். ராக்கெட்டுக்கு விண்வெளியில் தக்க இடம் கிடைத்தது. சாலையில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தவில்லை.

விஸ்வநத்தத்து மாணவர்க்கு மேனாட்டுச் சான்று மிகைதான். மருந்தின் இயல்பை அவர்தம் பெற்றோர் நன்கறிவர். பட்டாசு ஆலைகளில் பணிக்கூடங்கள் சிறியனவாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்படுகின்றன. ஒரே அறையில் பலர் கூடி வேலை செய்தல் விதிக்கு மாறானது. உள்ளே நுழைவோர், உடலில் தேங்கிய மின்னூட்டம் கழியுமாறு, தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுச் செல்ல வேண்டும். இரும்புக் கருவிகளை மருந்தறையில் ஆள்வதில்லை. இத்தனை காப்புகளும் எங்கேனும் ஓரிடத்தில் தவறிவிட்டால் நேர்வது என்ன என்பதை, 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்து காட்டியது. அன்று 35 பேருக்கு மேல் மாண்டனர். பயிற்சி பெற்ற தொழிலாளர் அத்தனை காவலுக்குள் கையாளும் பொருளை, வீட்டு முற்றத்தில் அட்டை வண்டியின் மேல் கட்டுவது தகாது. பட்டாசைப் பிரித்து மருந்தைக் கொட்டிச் சேர்ப்பது அதனினும் கொடிது.

இனி நம் வண்டிக்கு வருவோம். நுங்கெடுத்த பனங்குரும்பைக் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கோலால் உருட்டிச் செல்லும் நுங்கு வண்டியை நீங்கள் அறிவீர்கள். அதற்கு ஆற்றல் தருவது பின்னால் ஓடும் சிறுவனுடைய கால்களே. அச்சிறுவனை வண்டிக்குள் ஏற்றிவிட வேண்டும். அஃதாவது அவன் செய்யும் வேலையை முன்கூட்டியே ஒரு பொருளில் சேமித்து வைக்க வேண்டும். அதற்கு எளிய பொருள் ரப்பர் வளையம். ரப்பரை நாம் இழுக்கும்போது செய்த வேலை, அதனுள் நிலையாற்றலாகத் தங்குகின்றது. விட்டவுடன் இயக்க ஆற்றலாக மாறுகின்றது.

வேண்டிய பொருள்கள் யாவும் அவ்வூரிலேயே கிடைக்கும். சிவகாசி அச்சகங்களில் அச்சாகும் தினசரி நாட்காட்டி ஆண்டு முடிந்ததும் வீட்டில் பயனற்றுத் தொங்கும். அதன் பின்புறத்துக் கெட்டி அட்டையே வண்டியின் உடலுக்கும் சக்கரங்களுக்கும் போதும். சக்கரத்தின் குறுக்களவு 10 சென்டிமீட்டர் இருக்கட்டும். இரண்டு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் வளையாது. அச்சுக்குச் சைக்கிள் சக்கரத்தின் கம்பி. அச்சு சுழல்வதற்கு மை தீர்ந்த பேனாவின் வெற்றுக் கூடு. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள உடலின் அடியில், முன்னும் பின்னும் இரண்டு பேனாக் கூடுகளைக் குறுக்காக ஒட்டி, அவற்றினுள் கம்பிகளைச் செருகி, முனைகளில் சக்கரங்களை இறுகப் பொருத்த வேண்டும். பின்புறத்துக் கூட்டை மட்டும் நடுவில் வெட்டி இரு துண்டாக்கி ஒட்டுக. இடையே அச்சு வெளியே தெரிய வேண்டும். இரு கூடுகளும் ஒன்றற்கொன்று இணையாக இல்லாவிடில் வண்டி நேரே செல்லாது. சுவரைத் தேடிச் செல்லும்.

மூன்று ரப்பர் வளையங்களைச் சங்கிலி போலக் கோத்து, ஒரு முனையை வண்டியின் முன்புறத்தில் கட்டுக. மறுமுனையில் ஒரு நூலைக் கட்டி, நூலின் நுனியில் சிறு கண்ணி இடுக. பின் அச்சின் நடுவில் மெல்லிய கம்பித் துண்டைச் சுற்றி ஒரு கொக்கி அமைத்து, அதில் கண்ணியை மாட்டுக. பின்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றினால் நூல் அச்சில் சுற்றிக்கொள்ளும், ரப்பர் நீளும். தரையில் வைத்து விட்டால், ரப்பர் சுருங்க, நூல் பிரிய, அச்சு சுழல, வண்டி ஓடும். நூல் முழுதும் பிரிந்தபின் கண்ணி கொக்கியினின்று கழன்றுவிட வேண்டும். நூலை அச்சோடு இறுகக் கட்டிவிட்டால், ஓடிய வண்டி மீண்டும் அதே நூலை மறுபுறம் சுற்றிக்கொண்டு தன்னைத் தானே தடுத்துக்கொள்ளும்.

அச்சின் பருமன் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் இவ்வண்டியின் உயிர் இருக்கின்றது. ரப்பர் 20 சென்டிமீட்டர் நீள்கின்றது என்றும், இழுக்கும் விசை சராசரி 2.5 நியூட்டன் என்றும் கொள்வோம். சேமித்த ஆற்றல் அரை ஜூல். முன்னே சொன்ன ஒரு கிராம் கருமருந்தில் இத்தகைய 6,000 வண்டிகளுக்கான ஆற்றல் உண்டு என்பதை நினைவில் கொள்க. நமக்கு அரை ஜூலே போதும்.

சைக்கிள் கம்பியின் குறுக்களவு 2 மில்லிமீட்டர். அதன் மேலேயே நூலைச் சுற்றினால், 20 சென்டிமீட்டர் நூலுக்கு ஏறத்தாழ 32 சுற்று ஆகும். சக்கரம் ஒரு சுற்றில் 31 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியாக நகரும். 32 சுற்றுக்கு 10 மீட்டர்! கணக்கைப் பார்த்து மகிழ்ந்து வண்டியை விட்டால், அது சிறிது தூரம் ஊர்ந்து, பாதி வழியில் நின்றுவிடும். காரணம் என்ன? அரை ஜூலை 10 மீட்டருக்குப் பங்கிட்டால், ஒவ்வொரு மீட்டருக்கும் கிடைக்கும் விசை 0.05 நியூட்டன்தான். 100 கிராம் எடையுள்ள அட்டை வண்டியின் உராய்வே அவ்வளவை விழுங்கிவிடும். ரப்பர் சுருங்கச் சுருங்க இழுப்பும் தளர்வதால், பிற்பாதியில் வண்டியை நகர்த்த வலிமை இராது.

இப்பொழுது அச்சின் நடுவே காகிதத்தைப் பசையிட்டுச் சுற்றி, குறுக்களவை 4 மில்லிமீட்டராக்குங்கள். சுற்று 16 ஆகக் குறையும், ரப்பர் இழுக்கும் தூரம் 5 மீட்டராகும், விசை 0.1 நியூட்டனாக உயரும். வண்டி நன்கு புறப்பட்டு, கண்ணி கழன்ற பின்னரும் தான் பெற்ற வேகத்தால் மேலும் ஓடும். 8 மில்லிமீட்டராக்கினால் விசை இன்னும் இரட்டிக்கும். ஆனால் வழவழப்பான தரையில் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலவும் கூடும். மூன்று முறையும் நாம் இட்ட ஆற்றல் அதே அரை ஜூல். காகிதத்தை ஒரு சுற்று கூட்டியும் ஒரு சுற்று குறைத்தும் பார்க்கும் மாணவன், மலையேறும் பேருந்தின் ஓட்டுநர் ஏன் பல்லிணையை மாற்றுகின்றார் என்பதைத் தானே உணர்ந்துகொள்வான். விலை கொடுத்து வாங்கிய மோட்டார் வண்டியில் இந்த அறிவு கிட்டாது. அதில் ஒரு விசையை அழுத்துவதன்றி அவன் செய்வது யாதுமில்லை.

உராய்வைப் பற்றி ஒரு சொல். அதனை வண்டிக்குப் பகை என்று பலர் கூறுவர். அது முழு உண்மையன்று. அச்சும் பேனாக் கூடும் உரசும் இடத்தில் அது பகை. அங்கே துளி எண்ணெய் இடுக. சக்கரமும் தரையும் பொருந்தும் இடத்தில் அது நட்பு. அஃதில்லையேல் வண்டி நகராது. எனவே பின்சக்கரங்களின் விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டுவது நலம். தீப்பெட்டித் தொழிலும் இந்த உராய்வை நம்பியதே. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டையும், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸையும் பிரித்து வைத்திருக்கின்றார்கள். இரண்டும் உரசினாலன்றி எளிதில் தீ எழாது. மருந்தறையிலோ உராய்வு எவ்விடத்தும் ஆகாது. விஸ்வநத்தத்தில் பிறந்த பிள்ளைக்கு உராய்வைப் பற்றிப் பாடம் சொல்லும் ஆசிரியர் உதாரணம் தேடித் தெருக்கோடிக்குக்கூடப் போக வேண்டியதில்லை.

தீக்குச்சியைக் கொண்டே அறிவியல் கற்பித்தவர் ஒருவர் நம் நாட்டில் உண்டு. கான்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, பூனாவில் லாரி செய்யும் ஆலையில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா, 1978ஆம் ஆண்டில் விடுப்பெடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் பகுதிக்குச் சென்றார். அங்கே சிற்றூர்ப் பள்ளிகளில் செய்முறையின் வழியே அறிவியல் கற்பிக்கும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. சைக்கிள் வால்வின் மெல்லிய ரப்பர்க் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி, அவற்றில் தீக்குச்சிகளைச் செருகி, முக்கோணம், சதுரம், கூண்டு எனப் பல வடிவங்களை அவர் ஆக்கினார். சதுரம் தொட்டவுடன் சாய்கின்றது, முக்கோணம் சாய்வதில்லை. பாலத்திலும் கூரையிலும் முக்கோணச் சட்டங்கள் இருப்பதன் காரணத்தைப் பிள்ளைகள் விரல்களாலேயே அறிந்துகொண்டனர். நம் வண்டியின் உடல் இழுப்பில் வளையுமாயின், அடியில் மூலைக்கு மூலை ஒரு பட்டையை ஒட்டி முக்கோணமாக்கிவிட்டால் விறைத்து நிற்கும். எறிந்த பொருள்களைக் கொண்டு பொம்மை செய்து அறிவியல் பரப்பிய அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அவர் ஹோசங்காபாத்தில் குச்சிகளால் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய அதே காலத்தில், சிவகாசி வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் விரல்கள் வேறு வகையில் குச்சிகளைத் தொட்டுக்கொண்டிருந்தன. விடியுமுன் எழுந்து, ஆலை வண்டியேறிச் சென்று, சட்டங்களில் குச்சி அடுக்கியும் பெட்டிகளில் நிரப்பியும் மாலையில் திரும்பிய சிறுவர் சிறுமியர் பலர். எத்தனை சட்டம் அடுக்கினர் என்ற கணக்கிற்கே கூலி. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. சிவகாசிப் பிள்ளைகளைக் குறித்துத் தொடரப்பட்ட வழக்கில், 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு மாறாகக் குழந்தையை வேலைக்கு வைத்தவர், ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை அதன் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், பதினான்கு வயது நிரம்பாதவரை ஆலைத் தொழிலில் அமர்த்துவதையும், பதினெட்டு நிரம்பாதவரை இடர் மிக்க தொழில்களில் அமர்த்துவதையும் தடுத்தது. இன்று வகுப்பறையில் அமர்ந்து அச்சுக்குக் காகிதம் சுற்றும் மாணவனுடைய பாட்டியோ தாயோ, அவன் வயதில் குச்சி அடுக்கியவராக இருத்தல் கூடும். வண்டியில் சிக்கிய நூலைப் பிரிக்க அவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவ்விரல்களின் விரைவு உங்களுக்கு வாராது.

வண்டி ஆயத்தமானபின் பள்ளித் தாழ்வாரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு குறி இடுக. ஒரே அளவு சுற்றி, மூன்று முறை ஓடவிட்டு, சென்ற தூரங்களின் சராசரியைக் குறிக்க வேண்டும். ஒரு முறை நெடுந்தூரம் ஓடியதை மட்டும் எழுதிக்கொள்வது முறையன்று. அடுத்து ஒரு மாற்றம் மட்டும் செய்து மீண்டும் அளக்க வேண்டும். அச்சின் பருமனையும் எண்ணெயையும் சக்கரத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், எதனால் என்ன நேர்ந்தது என்பது விளங்காது. ரப்பர் வளையத்தை வெயிலில் போட்டு வைக்கலாகாது. அவ்வட்டாரத்துச் சித்திரை வெயிலில் அது சில நாள்களிலேயே இளகி, வெடிப்பு விட்டு அறுந்துவிடும். ராக்கெட் வண்டியை விட மனமில்லாதவர்கள், பேனாக் கூட்டின் வாயில் ஒரு பலூனைக் கட்டி, கூட்டின் மறுமுனை வண்டிக்குப் பின்னால் நீட்டியிருக்குமாறு மேலே பொருத்தி, ஊதிவிட்டுப் பார்க்கலாம். அதுவும் தரைச்சக்கரத்தின் விதியால் ஓடுவதே. ரப்பர் வண்டியளவு தூரம் அது செல்லாது. ஆயினும் சிறு வகுப்புப் பிள்ளைகள் அதற்கே மிகுதியாகக் கைதட்டுவர்.